பிழையறியும் விருப்பம்: ஜெய்சிங்கின் வானாய்வுக் கூடமும் தமிழகப் பஞ்சாங்க வழக்கும்

முன்னுரை

தாம் கொண்டிருக்கும் நம்பிக்கை பிழையானது என்பதை அறிந்துகொள்ள மக்கள் உண்மையில் விரும்புகின்றனரா என்னும் வினா மெய்யியலார்க்கும் உளவியலார்க்கும் மட்டும் உரியதன்று, வரலாற்றாய்வாளரும் எழுப்பத்தக்கது. பிழை சுட்டப்பட்ட தருணங்கள் வரலாற்றில் பதிவாகியுள்ளன. சுட்டியவர் யார், ஏற்றவர் யார், எவ்வளவு ஏற்றனர், எந்த இடத்தில் நின்றுவிட்டனர் என்பனவற்றைச் சான்றுகளின் வழியே காண இயலும். இவ்வகை ஆய்வுக்குப் பஞ்சாங்கம் மிகப் பொருத்தமான களமாகும். அது வழிவழி வந்த நம்பிக்கை. சமயச் சடங்குகளோடும் குடும்ப வாழ்வோடும் பின்னிப் பிணைந்தது. ஆயினும் வானத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கத்தக்கது. தில்லியின் கோல் மார்க்கெட் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒரு வானாய்வு முயற்சியையும், தமிழகத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கங்களுக்கு இடையே எழுந்த வழக்கையும் ஒருங்கே வைத்து இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

கோல் மார்க்கெட்டும் ஜெய்சிங்புராவும்

பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட கோல் மார்க்கெட் அங்காடிக் கட்டடம் 1921இல் புதுதில்லி நகர் உருவானபோது எழுந்தது. அதைச் சுற்றி அமைந்த அரசுக் குடியிருப்புகளில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற மத்திய அரசு ஊழியர் பலர் வாழ்ந்தனர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று அருகிலுள்ள மந்திர் மார்க்கில் உள்ளது. 1939இல் திறக்கப்பட்ட பிர்லா மந்திரும் வங்காளியரின் காளிபாரியும் அதே சாலையில் உள்ளன. சிறிது தொலைவில் பங்களா சாகிபு குருத்துவாரா அமைந்துள்ளது. சித்திரை முதல் நாள், வைசாகி, பொய்லா பொய்சாக் என ஆண்டுப் பிறப்புகள் இவ்வட்டாரத்தில் அடுத்தடுத்த நாள்களிலோ ஒரே நாளிலோ கொண்டாடப்படுகின்றன. பல பஞ்சாங்கங்கள் அருகருகே புழங்கும் இடம் இது எனலாம்.

புதுதில்லி தோன்றுவதற்கு முன் இப்பகுதியை அடுத்திருந்த நிலம் ஆம்பேர் அரசர்களுக்கு உரிய ஜெய்சிங்புரா ஆகும். குருத்துவாரா நிற்கும் இடம் மிர்சா ராஜா ஜெய்சிங்கின் மாளிகையாக இருந்தது. எட்டாம் சீக்கிய குரு அரிகிருஷ்ணர் 1664இல் அங்குத் தங்கியிருந்தார். அம்மரபில் வந்த இரண்டாம் சவாய் ஜெய்சிங் (1688–1743) தம் முன்னோர் நிலத்தில் 1724இல் நிறுவிய வானாய்வுக் கூடமே இன்று ஜந்தர் மந்தர் என்று வழங்கப்படுகிறது. கோல் மார்க்கெட்டிலிருந்து அது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

ஜெய்சிங்கின் ஐயம்

முகலாயப் பேரரசர் முகமது ஷாவின் பெயரால் ஜெய்சிங் தொகுத்த வானியல் அட்டவணை நூல் ‘சீஜ் முகமது ஷாகி’ ஆகும். அந்நூலின் முன்னுரை ஓர் ஐயத்தை முன்வைத்துத் தொடங்குகிறது. சமர்க்கந்தின் உலுக்பேக் அட்டவணை, அக்பர், ஷாஜகான் காலத்து அட்டவணைகள், இந்திய சித்தாந்த நூல்கள் ஆகிய எவற்றைக்கொண்டு கணித்தாலும் பிறைத் தோற்றம், கோள்களின் உதய அத்தமனம், கிரகணங்கள் ஆகியன வானில் காணப்படுவதோடு ஒத்துவரவில்லை என்பது அவர் கண்ட குறை. சமய நடைமுறைக்கும் ஆட்சி நடைமுறைக்கும் இது இடையூறு என்று பேரரசரிடம் அவர் முறையிட்டார்.

முதலில் பித்தளைக் கருவிகள் செய்யப்பட்டன. அளவிற் சிறியனவாதலாலும் அச்சுகள் தேய்வதாலும் அவை துல்லியம் தரவில்லை. எனவே கல்லாலும் சுண்ணாம்பாலும் ஏறத்தாழ 70 அடி உயரச் சாம்ராட் யந்திரம் உள்ளிட்ட பெருங்கருவிகள் கட்டப்பட்டன. தில்லியில் கண்ட முடிவுகளை மட்டும் நம்பாமல் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஜெய்ப்பூர், மதுரா, காசி, உஜ்ஜயினி ஆகிய இடங்களிலும் கூடங்கள் அமைக்கப்பட்டன. தம் முடிவே தவறாக இருக்கக்கூடும் என்று கருதி, அதைச் சோதிக்கப் பொருளும் ஆளும் செலவிட்ட செயல் இது.

ஐரோப்பாவிலும் இத்தகைய ஆய்வு நடைபெறுவதை அறிந்த அவர், பாதிரியார் மானுவேல் டி பிகெரேடோ தலைமையில் 1727இல் ஒரு குழுவைப் போர்ச்சுகலுக்கு அனுப்பினார். அக்குழுவின் வழியே பிரெஞ்சு வானியலாளர் டி லா ஈர் என்பவரின் அட்டவணை கிடைத்தது. அதனையும் ஜெய்சிங் வானோடு ஒப்பிட்டார். சந்திரனின் நிலையில் அரைப் பாகை அளவும், கிரகணக் காலத்தில் கால் நாழிகை அளவும் பிழை இருப்பதைக் கண்டார். புகழ்பெற்ற நாட்டிலிருந்து வந்தது என்பதற்காக அவர் அதை ஏற்கவில்லை. அயலது என்பதற்காகத் தள்ளவும் இல்லை.

எனினும் ஓர் எல்லை காணப்படுகிறது. அட்டவணையின் எண்களில் உள்ள பிழையைத் தேடிய ஜெய்சிங், அவ்வெண்கள் எழுந்த கோட்பாட்டின் பிழையைத் தேடவில்லை. ஐரோப்பிய அட்டவணை தவறியமைக்கு அவர்தம் கருவிகள் சிறியவை என்பதே அவர் கூறிய காரணம். தம் பெருங்கருவிகளின் மீது கொண்டிருந்த நம்பிக்கையை அவ்விளக்கம் உறுதிப்படுத்தியது. வெள்ளியின் பிறைத் தோற்றத்தையும் வியாழனின் நான்கு துணைக்கோள்களையும் தொலைநோக்கி காட்டுவதை அவருடைய நூல் குறிப்பிடுகிறது. ஆயினும் அக்காட்சி புவிமையக் கோட்பாட்டை ஐயுறும் அளவுக்கு அவரைக் கொண்டுசெல்லவில்லை. அவருடைய அவையறிஞர் ஜகந்நாதர் தாலமியின் நூலைச் சமற்கிருதத்தில் ஆக்கியதும் அக்காலத்தேயாம். பிழையறியும் விருப்பம் ஒருவரிடமே ஓரிடத்தில் முழுமையாகவும் மற்றோரிடத்தில் அறவே இன்றியும் இருக்கக்கூடும் என்பது இதனால் புலனாகிறது.

தென்னகத்தின் திருத்த மரபு

கண்ணால் கண்டு கணக்கைத் திருத்தும் வழக்கம் தென்னகத்தில் ஜெய்சிங்குக்கு முன்பே வேரூன்றியிருந்தது. கேரளத்து வடசேரி பரமேசுவரர் நெடுங்காலம் கிரகணங்களைக் கண்டு குறித்துப் பழைய கணக்கைத் திருத்தி, 1431இல் ‘திருக்கணிதம்’ என்னும் நூலை இயற்றினார். திருக்கு என்பது காட்சியைக் குறிக்கும். காட்சியோடு பொருந்தும் கணிதம் திருக்கணிதமாயிற்று. இப்பெயரிலுள்ள ‘திரு’ மதிப்புக் குறித்த அடைமொழி அன்று என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அவர் மரபில் வந்த நீலகண்ட சோமயாஜி, சித்தாந்தங்கள் முன்னோர் வாக்கு என்பதற்காகவே என்றும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது என்றும், காலந்தோறும் காட்சியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்றும் ‘சோதிர் மீமாஞ்சை’யில் வாதிட்டார்.

தமிழகத்தில் வழங்கியது வாக்கிய முறை. சந்திரனின் நிலையை 248 நாள்களுக்கு 248 சிறு வாக்கியங்களில் எழுத்தெண் குறியீடாக அமைத்து மனனம் செய்துகொள்வது அதன் அடிப்படை. சந்திரன் பூமிக்கு மிக அணுகிவரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வரும் சுற்று ஒன்பது முறை நிறைவுற ஏறத்தாழ 248 நாள்கள் ஆகும். இம்முறையை விளக்கும் ‘வாக்கிய கரணம்’ என்னும் நூலுக்கு உரை வரைந்த சுந்தரராஜர் தமிழ்நாட்டவர். அவர் தம் ஐயங்களை நீலகண்டருக்கு எழுதியனுப்பினார். அவற்றுக்கு நீலகண்டர் அளித்த விடைகள் ‘சுந்தரராஜ பிரச்நோத்தரம்’ எனப் பெயர்பெற்றன. வாக்கிய முறையின் உரையாசிரியரே திருக்கணித மரபினரிடம் வினா எழுப்பினார் என்பது இவ்வழக்கைப் பழமைக்கும் புதுமைக்கும் இடையிலான போராகச் சுருக்கிவிட இடந்தரவில்லை.

சோழிக் கணக்கும் சென்னை வானாய்வுக் கூடமும்

சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காண இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ சாந்தீல், 1769ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரியில் தங்கி உள்ளூர்க் கணிதரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் கணித்தபோது 41 வினாடி குறைந்தது. ஐரோப்பிய அட்டவணையின்படி கணித்தபோது 68 வினாடி மிகுந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் 1825இல் ‘கால சங்கலித’ நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரிக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, எழுதாமலேயே, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்ததைக் குறித்துள்ளார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வேறுபட்டன. மனனத்தை மட்டும் நம்பிய கணக்கு இவ்வளவு நெருங்கியது வியப்புக்குரியது. அதே வேளையில், திருத்தப்படாத கணக்கு மெல்ல விலகிச் செல்வதும் இவ்வெண்களில் தெரிகிறது.

இவ்விலகலைப் பொதுமக்களிடம் எடுத்துச் சென்றவர் சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆவார். 1867இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானவர். அவர் ஒருபுறம் தொலைநோக்கியோடும் மறுபுறம் பஞ்சாங்க மரபோடும் தொடர்புடையவர். 1860களின் இறுதியில் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிடத் தொடங்கினார். 1874 டிசம்பர் 9 அன்று சுக்கிரன் சூரியனைக் கடக்கவிருந்ததை விளக்கும் சிறுநூலையும் எழுதிப் பல இந்திய மொழிகளில் வெளியிட்டார். அவர் கையாண்ட வழி குறிப்பிடத்தக்கது. பழைய முறை தவறு என்று வாதிடுவதோடு அவர் அமையவில்லை. எல்லாரும் வெறுங்கண்ணால் காணத்தக்க நிகழ்ச்சியை நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே அறிவித்து, வானமே தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டார்.

கிரகணமும் சனிப்பெயர்ச்சியும்

ரகுநாதாச்சாரிக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. விளைவு இருவகைப்பட்டது. காஞ்சி மடத்துப் பஞ்சாங்கம் திருக்கணித முறையைப் பின்பற்றுகிறது. கோயில்கள் பலவற்றில் வாக்கிய முறையே நிலைத்துள்ளது. ஆயினும் வாக்கியப் பஞ்சாங்கங்களிலும் கிரகண நேரங்களைத் திருக்கணிதப்படி தருவது வழக்கமாகிவிட்டது. இவ்வுண்மை பலரும் அறிந்ததே. அதன் பொருள் போதிய அளவு கருதப்படவில்லை.

கிரகணம் தவறினால் ஊரே காணும். நீராடக் குளக்கரையில் கூடியவர்கள், அறிவித்த நேரம் கடந்தும் நிலவு முழுமையாக ஒளிர்வதைக் கண்டுவிடுவர். பஞ்சாங்கக்காரரின் மதிப்பு அன்றே குறையும். சனிப்பெயர்ச்சியின் நிலை வேறு. இராசிகளுக்கு இடையிலான எல்லை வானில் வரையப்பட்ட கோடு அன்று. சனி ஓர் இராசியிலிருந்து மறு இராசிக்குச் செல்வதை எவரும் கண்ணால் கண்டு சரிபார்ப்பதில்லை. திருக்கணிதத்தின்படி 2023 ஜனவரி 17 அன்று நிகழ்ந்த கும்ப இராசிப் பெயர்ச்சி, வாக்கிய முறையைப் பின்பற்றும் திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயிலில் 2023 டிசம்பர் 20 அன்று பெருவிழாவாகக் கொண்டாடப்பட்டது. இடைவெளி பதினொரு மாதம். 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி அடுத்த பெயர்ச்சி வந்தபோதும், கோயில் தன் மரபான வாக்கிய முறையையே பின்பற்றும் என்று அறிவிக்கப்பட்டது.

ஒரே பஞ்சாங்கம், ஒரே கணிதர், ஒரே வாசகர். கிரகணத்தில் திருத்தம் ஏற்கப்பட்டது, சனியில் ஏற்கப்படவில்லை. பிழையை ஒப்புக்கொள்ளும் இயல்பு மக்களிடம் இல்லை என்று இதனை விளக்க இயலாது. கிரகணச் சான்று அதை மறுக்கிறது. உண்மை தெரிந்தால் திருந்திவிடுவர் என்றும் விளக்க இயலாது. சனிப்பெயர்ச்சி அதை மறுக்கிறது. பிழையின் விளைவு குறித்த நாளில், பலர் முன்னிலையில், தவிர்க்க இயலாதவாறு வெளிப்படும் இடத்தில் மட்டுமே திருத்தம் நிலைபெற்றிருக்கிறது. வெளிப்படாத இடத்தில் நம்பிக்கை வேறொரு பணியைச் செய்கிறது. இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் நளதீர்த்தத்தில் நீராடுவதற்கு அனைவரும் ஒப்பிய நாள் ஒன்று தேவை. அந்நாள் வானியற்படி துல்லியமானதாக இருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

1952ஆம் ஆண்டுக் குழு

அறிவியல் தொழில் ஆய்வுக் கழகம் 1952 நவம்பரில் மேகநாத் சாகா தலைமையில் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. நாட்டில் முப்பது வகையான நாள்காட்டிகள் வழங்குவதை அது எதிர்கொண்டது. 1955இல் புதுதில்லியில் வெளியான அதன் அறிக்கை ஒரு கணக்கைத் தெளிவாக முன்வைத்தது. சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு 365.258756 நாள். பருவங்களைத் தீர்மானிக்கும் ஆண்டோ 365.242196 நாள். ஆண்டுக்கு 24 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான இவ்வேறுபாடு 1400 ஆண்டுகளில் 23 நாளாகப் பெருகிவிட்டது. டிசம்பர் 22ஐ ஒட்டி நிகழும் உத்தராயணத் தொடக்கத்தை ஜனவரி 14 அன்று கொண்டாடுவதன் காரணம் இதுவே. விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட ஆண்டு பருவ ஆண்டோடு ஒத்திருக்க வேண்டியதில்லை என்னும் மறுப்பில் பொருள் உண்டு. ஆனால் விண்மீன் ஆண்டின் அளவும் 365.256363 நாளே, சித்தாந்த ஆண்டு அதனினும் மூன்றரை நிமிட அளவு மிகுந்துள்ளது.

குழு இருவகை முடிவுகளை எடுத்தது. அரசு நடைமுறைக்குப் பருவ ஆண்டைப் பின்பற்றும் சக நாள்காட்டியைப் பரிந்துரைத்தது. அது 1957 மார்ச் 22, சக 1879 சைத்திரம் முதல் நாள் தொடங்கி நடைமுறைக்கு வந்தது. சமய நாள்களுக்கோ அயனாம்சத்தை 23 பாகை 15 கலை என நிலைநிறுத்தி, இதுவரை நேர்ந்த விலகலை அப்படியே விட்டு, மேலும் விலகாமல் தடுக்க முயன்றது. பிழையை எண்ணால் நிறுவிய அறிஞர்களே அதை முற்றாக நீக்கத் துணியவில்லை. தைப்பொங்கலை டிசம்பருக்கு மாற்றச் சொன்னால் அறிக்கையையே மக்கள் புறக்கணிப்பர் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் எனலாம். சக நாள்காட்டி அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் இடம்பெற்றது. வீடுகளின் திருமண நாள்களையும் விழா நாள்களையும் தீர்மானிக்கவில்லை.

இந்நிலை இந்து சமயத்துக்கோ தமிழகத்துக்கோ மட்டும் உரியதன்று. பருவ ஆண்டைப் பின்பற்றிப் பால் சிங் புரேவால் வகுத்த நானக்சாகி நாள்காட்டியைச் சீக்கியரின் சிரோமணி குருத்துவாரா பிரபந்தக் குழு 2003இல் நடைமுறைப்படுத்தியது. 2010இல் அதில் செய்யப்பட்ட மாற்றம் மாதப் பிறப்புகளைப் பழைய விக்கிரம முறைக்கே கொண்டுசென்றது. பங்களா சாகிபும் ஜந்தர் மந்தரும் ஒரே பழைய ஜெய்சிங்புராவில் நிற்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அரசன் ஐயுற்றுக் கூடம் எழுப்பிய நிலத்திலேயே, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும், கணக்கின் திருத்தம் வேறு, சமூகத்தின் ஒப்புதல் வேறு என்பது நிலைத்திருக்கிறது.

இலக்கிய வரலாற்றில் காலக்கணிப்பு

இதே பஞ்சாங்கக் கணிதம் தமிழிலக்கிய வரலாற்றினுள்ளும் நுழைந்தது. ‘இந்தியக் காலக்கணிதம்’ என்னும் பெருந்தொகுதிகளை 1922இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, சிலப்பதிகாரத்தில் மதுரை எரியுண்டதாகக் கூறப்படும் ஆடித் தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளி என்னும் குறிப்பையும் அடியார்க்குநல்லார் உரையையும் கொண்டு கி.பி. 756ஐ அடைந்தார். பரிபாடல் பதினோராம் பாடலின் கோள்நிலையைக் கொண்டு கி.பி. 634 ஜூன் 17ஐக் குறித்தார். கயவாகு ஒப்புமையைக் கொண்டு சிலம்பைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வைத்தோர்க்கு இம்முடிவுகள் உவப்பாக இல்லை. திதி, விண்மீன், கிழமைச் சேர்க்கை பல ஆண்டுகளில் மீள வரும். எனவே அது ஒற்றை ஆண்டைச் சுட்டாது என்னும் மறுப்பு வலுவுடையதே. ஆனால் பரிபாடலின் அதே கோள்நிலையைக்கொண்டு வேறு ஆண்டுகளும் பின்னர் முன்மொழியப்பட்டன. முறையின் குறை, முடிவு உவக்கும் இடத்தில் மறக்கப்படவும் உவவாத இடத்தில் நினைக்கப்படவும் கூடும் என்பதற்கு இவ்விவாதம் எச்சரிக்கையாகும்.

எஸ். வையாபுரிப் பிள்ளை தொல்காப்பியத்துக்கும் திருக்குறளுக்கும் பிற்பட்ட காலம் கூறியபோது எழுந்த எதிர்ப்பும் இவ்வகையினதே. அவருடைய முடிவுகள் சில பிழையாக இருக்கலாம். அவற்றை மறுக்கத்தக்க சான்று எது என்பதை விட, அவர் தமிழுக்கு உரியவரா என்பதே சிலரிடம் வினாவாயிற்று. இதற்கு மாறாக, புகளூர்க் கல்வெட்டை 1965இல் ஐராவதம் மகாதேவன் படித்து, அதில் வரும் சேரர் மூன்று தலைமுறையைப் பதிற்றுப்பத்து அரசரோடு இயைத்துக் காட்டியபோது அது விரைந்து வரவேற்கப்பட்டது. வரவேற்பு தகுதியானதே. அக்கல்வெட்டு மறுதலையான செய்தியைத் தந்திருந்தாலும் அதே விரைவோடு ஏற்கப்பட்டிருக்குமா என்பதே துறையின் நேர்மையை அளக்கும் வினா.

முடிவுரை

மக்கள் தம் பிழையை அறிய விரும்புகின்றனரா என்னும் வினாவுக்கு ஆம், இல்லை என்னும் ஒற்றை விடை இச்சான்றுகளால் கிடைக்கவில்லை. ஜெய்சிங் எண்ணில் விரும்பினார், கோட்பாட்டில் விரும்பவில்லை. பஞ்சாங்கக் கணிதர் கிரகணத்தில் விரும்பினர், சனிப்பெயர்ச்சியில் விரும்பவில்லை. சீர்திருத்தக் குழு அலுவலக நாளைத் திருத்தியது. விழா நாளைத் தொடவில்லை. விருப்பம் மனிதரின் குணமாக இருப்பதைவிட, அவர் நிற்கும் இடத்தின் அமைப்பைச் சார்ந்ததாகவே காணப்படுகிறது. பிழை வெளிப்படும் நாளும் அதைக் காணும் கூட்டமும் முன்னரே குறிக்கப்பட்டிருந்தால் விருப்பம் பிறக்கிறது, இல்லையேல் உறங்குகிறது.

திருநள்ளாற்றில் நீராடுவோர்க்கு இவ்வுறக்கத்தால் பெருங்கேடு இல்லை. அவர்கள் நாடுவது வழிபாடு, வானியல் அன்று. உண்மையறிதலையே தன் தொழிலாகக் கொண்ட ஆய்வுத்துறைக்கு அச்சலுகை இல்லை. அகழாய்வுகளும் கரிமக் காலக்கணிப்புகளும் பெருகிவரும் இந்நாளில், ஒரு நூலின் காலத்தைக் கூறும் ஆய்வாளர் எத்தகைய சான்று கிடைத்தால் அக்கருத்தைக் கைவிடுவார் என்பதையும் அக்கட்டுரையிலேயே கூறிவிடுதல் நன்று. முடிவு வெளிவருமுன்பே அளவுகோலை அறிவித்துவிட்டால், முடிவு உவவாதபோது அளவுகோலை மாற்ற இயலாது. 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடக்கும் நாளை முன்னரே அச்சிட்டு மக்கள் கையில் கொடுத்த ரகுநாதாச்சாரி செய்தது அதுவே.